பட்டம் பெரிது, படி சிறிது!

ஐந்தாவது வகுப்புத் தேறியிருக்க வேண்டும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். இவை இரண்டுதான் நிபந்தனை. 2015ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேச அரசு, லக்னோ தலைமைச் செயலகத்துக்குப் பியூன்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. இடங்கள் 368. வந்து குவிந்த மனுக்களோ 23 இலட்சம்! மனுப் போட்டவர்களிலே முனைவர் பட்டம் பெற்றோர் 255 பேர். பட்டதாரிகள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேரையும் நேரில் அழைத்துப் பேசுவதென்றால் நான்கு ஆண்டு பிடிக்கும் என்று கணக்குப் பார்த்துத் திகைத்தனர் அதிகாரிகள்.

ஐந்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள், அதாவது யாருக்காக அந்த வேலை என்று விளம்பரம் கூறியதோ அவர்கள், எத்தனை பேர் தெரியுமா? 23 இலட்சத்திலே ஏறத்தாழ 53 ஆயிரம் பேர்தான். விருந்துக்கு அழைக்கப்பட்டவன் வாசலிலே நிற்கிறான். பந்தியில் அமர வந்தவனோ, இந்த விருந்தா நமக்கு வாய்த்தது என்று கண் கலங்கி நிற்கிறான்.

வடக்கே நடந்தது இது, வடக்கு அப்படித்தான் என்று எண்ணிப் புன்னகை புரிவோர் இருக்கக்கூடும். அவசரம் வேண்டாம். 2019 நவம்பரில் நம் கோவை மாநகராட்சி தூய்மைப் பணியாளர் 549 பேர் தேவை என்று அறிவித்தது. ஏறத்தாழ 7,000 பேர் வந்தனர். வந்தவர்களிலே பொறியியல் பட்டதாரிகள் இருந்தனர். முதுகலை படித்தோர் இருந்தனர். டிப்ளமோ பெற்றோர் இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டு, 2018 பிப்ரவரியில், குரூப் 4 தேர்வும் கிராம நிர்வாக அலுவலர் தேர்வும் ஒன்றாக நடந்தன. இடங்கள் 9,351. மனுச் செய்தோர் 20 இலட்சத்துக்கு மேல். பத்தாவது தேறினால் போதும் என்ற அந்தத் தேர்வை எழுத முன்வந்தவர்களிலே முனைவர் பட்டக்காரர்கள் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் பேர்!

இச்செய்திகள் வெளியாகும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. 'பார் பரிதாபத்தை! படித்தவன் துடைப்பம் எடுக்க வந்துவிட்டான்' என்பது ஒன்று. துடைப்பம் எடுப்பது இழிவு என்ற எண்ணம் அந்தக் குரலுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அதை நாம் ஏற்பதற்கில்லை. ஊரைத் தூய்மை செய்பவனைவிட உயர்ந்தவன் ஊரிலே எவன்? 'எல்லோரும் படிக்கப் போனால் இப்படித்தான் ஆகும்' என்பது மற்றொன்று. இது முன்னதைவிட நஞ்சு மிகுந்தது. இதற்குப் பின்னே வருவோம்.

இரண்டு குரல்களுக்கும் நடுவே எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. வேலைக்கு வேண்டியதைவிட மிகுதியாகப் படித்துவிட்ட ஒருவனுக்கு, மாத முதல் தேதியன்று கையிலே விழுவது எவ்வளவு? அந்த மிகுதிப் படிப்புக்குக் கூலி உண்டா, இல்லையா? இல்லையென்றால், அந்தக் கூலி யார் வீட்டுக்குப் போயிற்று? பரிதாபம் பேசுவோரும் பேசுவதில்லை இதை. பழி பேசுவோரும் பேசுவதில்லை. ஆகவே நாம் பேசுகிறோம்.

கோவைக்கே மீண்டும் வாருங்கள். தூய்மைப் பணியாளர் வேலைக்குத் தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். மனுக் கொடுத்த பட்டதாரிகளை, ஏன் வந்தீர்கள் என்று கேட்டனர் செய்தியாளர். கிடைத்த விடை என்ன? தனியார் நிறுவனத்திலே பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறோம். 6,000 கொடுக்கிறார்கள், 7,000 கொடுக்கிறார்கள். வேலைக்கு உறுதி இல்லை. மாநகராட்சியிலே காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், சம்பளமோ இரண்டு பங்கு, நிரந்தரம் வேறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வந்தார்கள் அவர்கள். புத்தி கெட்டு வந்தவர்கள் அல்லர். பட்டத்துக்கு வெளியே என்ன விலை கிடைக்கிறது என்பதை அவர்களைவிடத் தெளிவாக அறிந்தவர் எவருமில்லை. பட்டத்தின் விலை 7,000; துடைப்பத்தின் விலை 15,700. சந்தை எழுதிவைத்த விலைப்பட்டியல் இது. நம் கற்பனை அல்ல.

இனிச் சம்பளத்தின் சூத்திரத்தைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். சம்பளம் தலைக்கா, நாற்காலிக்கா? அரசு அலுவலகத்திலே நாற்காலிக்குத்தான். 2017ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தத்துக்குப் பிறகு இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அந்த நாற்காலியிலே பத்தாவது தேறியவர் அமர்ந்தாலும் 19,500. முனைவர் அமர்ந்தாலும் 19,500. ஐந்தாண்டோ, பத்தாண்டோ அதிகமாகப் படித்த படிப்புக்கு அங்கே மதிப்பு, சுழி!

இது அநியாயம் என்று கூறுவோமா? கூறமாட்டோம். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்ற நெறி. ஒரே கோப்பை ஒரே விதமாகப் பதிவு செய்யும் இருவரிலே ஒருவருக்கு மட்டும் பட்டத்துக்காக இரட்டைச் சம்பளம் கொடு என்று கேட்பது நீதியாகாது. அநீதி அந்த நாற்காலியிலே இல்லை. அவர் அமர்ந்திருக்க வேண்டிய வேறு நாற்காலி, கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ போடப்பட்டிருக்க வேண்டிய நாற்காலி, போடப்படவே இல்லையே, அங்கேதான் இருக்கிறது அநீதி. இழப்பு அவருடைய சம்பளச் சீட்டிலே தெரியாது. கிடைத்திருக்க வேண்டிய சம்பளத்துக்கும் கிடைத்த சம்பளத்துக்கும் இடையே உள்ள பள்ளத்திலே தெரியும்.

இந்தப் பள்ளத்தை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர், மிகைப்படிப்புப் படித்த அமெரிக்கரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1981இல் டங்கன், ஹாஃப்மன் என்ற இருவர் அளவுகோலைக் கையிலெடுத்தனர். ஒருவருடைய படிப்பை இரண்டாகப் பிரித்தனர் அவர்கள்: வேலைக்குத் தேவையான ஆண்டுகள் எத்தனை, அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் எத்தனை என்று. தேவையான ஓர் ஆண்டுப் படிப்பு சம்பளத்தை எவ்வளவு உயர்த்துகிறதோ, அதிலே ஏறக்குறையப் பாதிதான் மிகுதியான ஓர் ஆண்டுப் படிப்பு உயர்த்துகிறது என்று கண்டனர். பின்னர் பல நாடுகளிலே இதே முறையில் கணக்கெடுத்தோரும் ஏறத்தாழ இதே பாதையிலேதான் வந்து சேர்ந்தனர்.

பாமரருக்கும் விளங்கும்படி கூறுவதானால் இப்படி வைத்துக்கொள்ளலாம். தேவையான ஒவ்வோர் ஆண்டுப் படிப்பும் மாதம் 1,000 ரூபாய் கூட்டித் தருகிறது என்று பேச்சுக்கு ஒரு கணக்கு. நான்காண்டு மிகுதியாகப் படித்தவன், அந்தப் படிப்புக்கேற்ற வேலையிலே இருந்தால் 4,000 கூடுதலாகப் பெறுவான். படிப்புக்குக் குறைந்த வேலையிலே சிக்கினால் 2,000 கிடைக்கும். பக்கத்தில் அமர்ந்துள்ள, குறைவாகப் படித்த தோழனைவிட அவனுக்குச் சற்று அதிகம். ஆனால் தன்னோடு ஒரே வகுப்பிலே படித்து உரிய வேலை பெற்ற தோழனைவிடக் குறைவு. இரண்டுக்கும் நடுவிலே தொங்குகிறான். 'உனக்குத்தான் அவனைவிட அதிகம் கிடைக்கிறதே' என்று முதலாளி காட்டுவது பக்கத்து நாற்காலியை. அவன் எண்ணி ஏங்குவது பழைய வகுப்புத் தோழனை.

அது அமெரிக்கக் கணக்கு. அங்கே முதலாளி பாதியாவது கொடுத்தான். இங்கே? அரசு நாற்காலியிலே சுழி என்று கண்டோம். தனியார் துறையிலே என்ன நடக்கிறது? பெரிய கணினி நிறுவனங்களிலே புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு 2010க்குச் சற்றுப் பின்னர் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை இலட்சம் ரூபாய் என்று கூறினார்கள். பத்தாண்டு கழித்தும் மூன்று, மூன்றரை இலட்சம் என்றே கூறினார்கள்! இடையிலே வீட்டு வாடகை ஏறிற்று. பேருந்துக் கட்டணம் ஏறிற்று. எண்ணெய் ஏறிற்று, பருப்பு ஏறிற்று, கல்லூரிக் கட்டணமும் ஏறிற்று. ஏறாமல் நின்றது ஒன்று, படித்த பிள்ளையின் தொடக்கச் சம்பளம். ஏன் நின்றது? வாசலிலே வரிசை நீண்டது, அதனால் நின்றது. 'உனக்கு விருப்பமில்லையா? போய் வா. உனக்குப் பின்னே நூறு பேர்' என்ற ஒரே வாக்கியம் போதுமாயிற்று, பேரத்தை முடிப்பதற்கு.

அடுத்த வித்தையைப் பாருங்கள். வரிசை நீண்டதும் முதலாளி நிபந்தனையை உயர்த்துகிறார். நேற்று வரை எஸ்.எஸ்.எல்.சி. போதும் என்றிருந்த கணக்கெழுதும் வேலைக்கு இன்று பி.காம். வேண்டும் என்கிறார், நாளை எம்.காம். என்பார். வேலை மாறிற்றா? இல்லை. அதே பேரேடு, அதே பற்று, அதே வரவு. சம்பளம் மாறிற்றா? அதுவும் இல்லை. மாறியது விளம்பரத்திலே உள்ள ஒரு வரிதான். 1976இல் ரொனால்ட் டோர் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை ஒரு நோய் என்றே அழைத்து நூல் எழுதினார். பஸ் கண்டக்டர் வேலைக்கு முதலிலே சிறு படிப்புப் போதும் என்பார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலையின்றி வந்து நின்றதும் அவர்களுக்கு முதலிடம் தருவார்கள். சில ஆண்டுகளிலே பெரிய படிப்பே அந்த வேலைக்கு விதி ஆகிவிடும். சீட்டுக் கிழிக்கும் கை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்று அவர் விளக்கினார். இலங்கையையும் அந்த நூலிலே எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பது நாம் நினைவில் வைக்கத்தக்கது.

மேலேயிருந்து ஒருவன் ஒரு படி இறங்கினால், அந்தப் படியிலே நின்றவன் எங்கே போவான்? அவனுக்குக் கீழே உள்ள படிக்குத் தள்ளப்படுவான். எம்.ஏ. படித்தவன் குமாஸ்தா ஆனதும், பத்தாவது தேறியவன் பியூன் வேலைக்கு வருகிறான். பி.ஏ. படித்தவன் பியூன் ஆனதும், ஐந்தாவது படித்தவன் கூலிக்குப் போகிறான். கடைசிப் படியிலே நிற்பவன் தரையிலே விழுகிறான். கோவையிலே மனுக் கொடுத்தவர்களுள், ஏற்கெனவே பத்தாண்டாக அதே நகரத்தின் குப்பையை ஒப்பந்தக் கூலிக்கு வாரிய தொழிலாளர்களும் இருந்தனர். இன்றாவது நிரந்தரம் ஆவோமா என்று ஏங்கி வந்தவர்கள் அவர்கள். அவர்களோடு போட்டியிட்டவர்கள் பொறியாளர்கள்! இருவரும் ஏழைகள், இருவரும் உழைப்பாளிகள். இருவரையும் ஒரே கதவின் முன்னே நிறுத்தி, முட்டி மோதுங்கள் என்று விட்டுவிட்டு, வேடிக்கை பார்ப்பது யார்? மிகைப்படிப்பு என்பது படித்தவனுடைய தொல்லை மட்டும்தான் என்று எண்ணுவோர் இந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கட்டும். படித்தவன் சம்பளம் சரிந்தால், அதன் அடியிலே படிக்காதவன் சம்பளம் நசுங்குகிறது.

பெண்களின் நிலையைத் தனியே கூற வேண்டும். எம்.ஏ., பி.எட். என்று பெயருக்குப் பின்னே எழுத்துகளை அடுக்கிக்கொண்டு, தெருக் கோடியிலே உள்ள தனியார் பள்ளியிலே ஆசிரியையாக இருப்போர் எத்தனை ஆயிரம்! அரசுப் பள்ளி ஆசிரியர் பெறுவதிலே ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. வேறு ஊருக்குப் போக வீடு விடாது. குழந்தையை விட்டுப் போக மனம் விடாது. பக்கத்திலே வேறு வேலையும் கிடையாது. இது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். 'அம்மா, விருப்பமிருந்தால் வாருங்கள்' என்று பணிவோடு கூறுவார்கள். பணிவு சொல்லிலே, கத்தி சம்பளத்திலே.

பட்டம் பாரமாகிப் போன கதையை நீதிமன்ற ஏடுகளிலேயே படிக்கலாம். நாகபுரி மாவட்ட நீதிமன்றத்திலே பியூன் வேலைக்கு வந்தவர்களை, நீங்கள் அதிகம் படித்துவிட்டீர்கள் என்று கூறி விலக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதிகம் படித்தான் என்பதற்காகவே ஒருவனைப் பரிசீலிக்காமல் ஒதுக்குவது அறிவுக்குப் பொருந்தாது என்றது. இருபது ஆண்டு உருண்டது. பொதுத்துறை வங்கி ஒன்று பியூன் வேலைக்குப் பன்னிரண்டாவது தேறியவர் வரலாம், பட்டதாரி வரக்கூடாது என்று விளம்பரத்திலேயே நிபந்தனை வைத்தது. ஓர் இளைஞர் தாம் பட்டதாரி என்பதை மறைத்து மனுக் கொடுத்துத் தேர்வு பெற்றார். உண்மை வெளிப்பட்டது, வேலை போயிற்று. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. தகுதியை வகுப்பது வேலை கொடுப்பவர் உரிமை என்றது. மறைத்தது குற்றம் என்றது.

சட்டம் பேசுவது நம் வேலையன்று. கடைநிலை வேலைகள் கடைநிலைப் படிப்பினருக்கே போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஆனால் நாட்டின் நிலையைப் பாருங்கள்! படிக்காததைப் படித்ததாகக் கூறி ஏமாற்றியவனைக் கண்டிருக்கிறோம். படித்ததைப் படிக்கவில்லை என்று மறைக்க வேண்டிய நிலைக்கு ஓர் இளைஞனைத் துரத்தியிருக்கிறதே இந்தக் காலம்! திருடிய பொருளை மறைப்பதைப்போல, தேடிப் பெற்ற பட்டத்தை மறைத்தான் அவன். இதிலே யார் தலைகுனிய வேண்டும்?

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஒரு காலத்திலே ஆறுதல் ஒன்று இருந்தது. பதவிக்கு வேண்டியதைவிட உயர்ந்த படிப்புப் படித்தால் ஊக்க ஊதிய உயர்வு உண்டு. ஆசிரியர்கள் பலர் அதை நம்பியே இரவு பகலாகப் படித்தனர். அந்த உயர்வு மாதந்தோறும் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது; அகவிலைப்படியிலே பெருகிற்று. 2020 மார்ச் 10ஆம் தேதியிட்ட ஆணை ஒன்றால் அது நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாகப் பின்னர் வந்தது ஒரே ஒரு முறை தரும் தொகை. நாள்தோறும் எரியும் விளக்குக்கும் ஒரு தரம் கிழிக்கும் தீக்குச்சிக்கும் உள்ள வேறுபாடு இது. ஆட்சி எதுவாயினும் நாம் கூறுவது ஒன்றுதான். பயன்படும் படிப்பைப் படித்தவனுக்கு அதன் பயனிலே பங்கு தருவது செலவு ஆகாது. வேலையைச் செம்மையாக்கும் விதைநெல் அது.

இனி, பின்னே வருவோம் என்று நிறுத்திவைத்த அந்த நஞ்சுக் குரலுக்கு வருவோம். 'படித்தவர் பெருகியதால்தான் படிப்புக்கு மதிப்புக் குறைந்தது. ஆகவே எல்லோரும் கல்லூரிக்குப் போக வேண்டாம். சிலர் மட்டும் போகட்டும். மற்றவர் தொழில் பழகட்டும்' என்கிறது அந்தக் குரல்.

கேட்ட குரல்தான் இது! 1953இல் இதே குரல் கோட்டையிலிருந்து ஒலித்தது. பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்குப் போகட்டும், மீதி நாள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் தீட்டினார் ஆச்சாரியார். குலக் கல்வித் திட்டம் என்று நாடே கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சராக வந்து அதை எடுத்தெறிந்தார். அன்று அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இன்று மிகைப்படிப்பு என்ற சிக்கலே எழுந்திராது, உண்மைதான்! முடி திருத்துவோர் மகன் கத்தியோடு இருந்திருப்பான். சலவைத் தொழிலாளி மகள் துறையிலே நின்றிருப்பாள். கணக்கு ஒழுங்காக இருந்திருக்கும். மனிதன்தான் இருந்திருக்க மாட்டான்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் உயர்கல்வி சேர்க்கை விகிதம் நாடு முழுவதிலும் 28.4, தமிழ்நாட்டிலே 47. இந்த எண்ணின் பின்னே மதிய உணவு இருக்கிறது. இட ஒதுக்கீடு இருக்கிறது. 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை இருக்கிறது. நகையை அடகு வைத்த தாய் இருக்கிறாள். நிலத்தை விற்ற தகப்பன் இருக்கிறான். விளைச்சல் மிகுந்துவிட்டது, களஞ்சியம் சிறிதாயிருக்கிறது என்றால், அறிவுள்ளவன் களஞ்சியத்தைப் பெரிதாகக் கட்டுவான். பயிரைப் பிடுங்கு என்று கூறுகிறவனை உழவன் என்று எவரும் அழைக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். கட்டடத்தைக் காட்டிக் கட்டணத்தை வாங்கி, கற்பிக்காமலே காகிதத்தைக் கையிலே திணித்து அனுப்பிய கல்லூரிகள் உண்டு. அந்தக் காகிதத்தை நம்பியவன் வேலைச் சந்தையிலே விலைபோகாமல் நிற்கிறான். அந்தக் குற்றம் கல்வி வணிகனுடையது. அதற்காகக் கல்வியையே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துவது, கலப்பட அரிசிக் கடைக்காரனை விட்டுவிட்டு, சோறே உண்ணாதே என்று பசித்தவனுக்குப் புத்தி சொல்வது போன்றது.

டில்லி என்ன சொன்னது? 2018 சனவரியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றிலே பிரதமர் மோடி, பக்கோடா விற்று மாலையிலே 200 ரூபாயோடு வீடு திரும்புகிறவனுக்கு அது வேலைவாய்ப்பு ஆகாதா என்று கேட்டார். பக்கோடா விற்பவன் மானமுள்ள உழைப்பாளி. அவன் முன்னே நாம் கை குவிக்கிறோம். நம் கேள்வி வேறு. நான்காண்டு பொறியியல் படித்து, வங்கியிலே கடன் பட்டு, வட்டியோடு தவணை கட்ட வேண்டியவனுக்கு அந்த 200 ரூபாயை விடையாகக் காட்டலாமா? எண்ணெய்ச் சட்டி ஏற்ற பட்டதாரிக்கு அவன் பட்டத்துக்கான ஊதியத்தை எந்தக் கல்லாவிலே போய்க் கேட்பது?

நாற்காலியே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2021 மார்ச் 1ஆம் தேதியன்று மத்திய அரசுத் துறைகளிலே காலியாகக் கிடந்த இடங்கள் 9.79 இலட்சம் என்று நாடாளுமன்றத்திலேயே கூறினார்கள். 2018இல் ரயில்வே ஏறத்தாழ 90 ஆயிரம் இடங்களுக்கு ஆள் கேட்டபோது இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் மனுச் செய்தனர். ஒரு பக்கம் நிரப்பப்படாத நாற்காலிகள். மறுபக்கம் நிற்க இடமில்லாத வரிசை. இடையிலே பூட்டிய கதவு. நாற்காலியைக் காலியாக வைத்திருப்பவனுக்கு ஓர் ஆளின் சம்பளம் மிச்சம்; வரிசையிலே நிற்பவனுக்கோ வயது செலவு. வேலை தேடும் இளைஞன் ஆண்டு ஆண்டாகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். இடையிலே கிடைத்த சிறு வேலையை, 'இது தற்காலிகம்' என்று சொல்லிக்கொண்டு ஏற்கிறான். உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறான். அங்கே பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பட்டத்துக்குப் பத்துக் காசும் கிடையாது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய வேலைகளிலே 2020-21இல் 77 இலட்சம் பேர் இருந்ததாக மதிப்பிட்டது.

தற்காலிகம் என்று நுழைந்தது எப்படி நிரந்தரம் ஆகிறது என்பதையும் பாருங்கள். மூன்றாண்டு கழித்து உரிய வேலைக்கு மனுக் கொடுக்கிறான். முதல் கேள்வி: 'இப்போது என்ன சம்பளம் வாங்குகிறாய்?' பன்னிரண்டாயிரம் என்கிறான். 'அப்படியானால் பதினான்காயிரம் தருகிறோம், மகிழ்ச்சிதானே?' என்கிறார்கள். வேலையின் மதிப்பைப் பார்த்தா கூலி பேசினார்கள்? அவன் பட்ட பழைய காயத்தை அளந்து பார்த்துப் பேசினார்கள். ஒரு முறை குறைந்த விலைக்கு விற்கப்பட்டவன், வாழ்நாள் முழுவதும் அந்த விலைச்சீட்டைக் கழுத்திலே தொங்கவிட்டு நடக்க வேண்டும் என்பது இந்தச் சந்தையின் சட்டம். அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் ஒரு சட்டம் செய்தது. சம்பளம் இவ்வளவு என்று முடிவு செய்து வேலைக்கு அழைக்குமுன், பழைய சம்பளம் என்ன என்று மனுதாரரிடம் கேட்கக் கூடாது என்றது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே அப்படி ஒரு சட்டம் வரலாம் என்றால், சமதர்மம் பேசும் நம் நாட்டிலே ஏன் வரக்கூடாது?

ஆகவே நாம் கேட்பது இவை.

காலியான அரசு இடங்களை, இன்ன தேதிக்குள் என்று நாட்காட்டி வகுத்து நிரப்புங்கள். தேர்வு நடத்தி முடிவு சொல்ல ஆண்டுக் கணக்கு ஆக்காதீர்கள்.

வேலை விளம்பரத்திலே படிப்பு இன்னது என்று எழுதுவோர், சம்பளம் இவ்வளவு என்பதையும் எழுத வேண்டும் என்று விதி செய்யுங்கள். பட்டம் கேட்டால் பட்டத்துக்குரிய கூலி கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லையேல் பட்டம் கேட்காதீர்கள். பழைய சம்பளத்தைக் கேட்டுப் புதிய சம்பளத்தை அமுக்கும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்து நிறுத்துங்கள்.

ஆண்டுக் கணக்காக ஒப்பந்தக் கூலிக்கு உழைத்தவனுக்கு, அதே வேலை நிரந்தரமாகும்போது முதல் உரிமை தாருங்கள். பொறியாளனோடு அவனை மோதவிடாதீர்கள்.

கீழ்ப்படியிலே நுழைந்துவிட்ட படித்த ஊழியனுக்கு மேலே ஏற ஏணி வையுங்கள். துறைத் தேர்வும் பதவி உயர்வும் காலத்தோடு நடக்கட்டும். வேலைக்குப் பயன்படும் உயர்படிப்புக்கு ஊக்க ஊதியம் மாதந்தோறும் கிடைக்கட்டும். அவன் ஏறினால் கீழே ஓர் இடம் காலியாகும். அந்த இடம் பத்தாவது படித்தவனுக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படித்தவனுக்கேற்ற தொழிலை நாட்டிலே பெருக்குங்கள். ஆய்வுக்கூடம், மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நுண்தொழில் ஆலை என்று எத்தனை நாற்காலிகள் போட வேண்டியிருக்கின்றன! ஆசிரியர் இல்லாத வகுப்பறை ஒரு பக்கம், வகுப்பறை கிடைக்காத ஆசிரியர் மறுபக்கம் என்று நாட்டை வைத்துக்கொண்டு, படிப்பு மிகுந்துவிட்டது என்று பேசுவது யாரை ஏமாற்ற?

வேலைக்கு மிஞ்சிய படிப்போடு வெயிலிலே வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்கு இறுதியாக ஒரு சொல். படித்தது பிழையோ என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். உங்கள் பாட்டன் கைநாட்டு வைத்தான். எழுதப்பட்டது என்னவென்று தெரியாமலே வைத்தான். நிலம் போயிற்று, கூலி போயிற்று. உங்களுக்கு எழுதப்பட்டது என்னவென்று தெரிகிறது. சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிகிறது. அதிலே எழுதப்படாமல் விடப்பட்ட தொகை எவ்வளவு என்று கணக்கிடவும் தெரிகிறது. அந்தக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் பயனில்லை. துடைப்பம் ஏந்திய தோழனோடும் பேரேடு எழுதும் தோழனோடும் சேர்ந்து உரக்கப் படியுங்கள். வேலைக்கு மிஞ்சிய படிப்பு என்று அவர்கள் கூறுகிறார்களே, அந்தப் படிப்புக்கு முதல் வேலை அதுதான்.